ஒற்றை வேகத்தின் மகிமை

முன்னும் பின்னும் தலா ஒரு பல்சக்கரமே கொண்டு, கியர் மாற்ற வழியில்லாமல் அமைந்த மிதிவண்டி இன்று ‘சிங்கிள் ஸ்பீட்’ என விற்கப்படுகிறது. சென்னைப் பால்காரர்கள் பல தலைமுறையாக மிதித்ததும் அதையே என்பதைக் கடைக்காரர்கள் நாகரிகம் கருதிச் சொல்வதில்லை. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, மணி ஆகியவற்றை நீக்கி, மிஞ்சியதை எளிமை என்று கூடுதல் விலைக்கு விற்பதும், முதல் மழையில் சட்டை முதுகில் சேற்றுக்கோடு பெற்றுத் திரும்பும் வாடிக்கையாளரிடம் அதே மட்கார்டைத் தனிவிலைக்குத் தள்ளிவிடுவதும் இவ்வணிகத்தின் நுட்பங்களாகும். மேம்பாலங்களையும் பரங்கிமலையையும் தவிர ஏற்றமே அறியாத இந்நகருக்கு, முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் உடைய, அதாவது மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் 28 அங்குலச் சக்கரத்தில் ஐந்து மீட்டருக்கு மேல் நகரும், பழைய கறுப்பு வண்டியே போதும். உதிரிபாகமும் தெருமுனைப் பஞ்சர் கடையிலேயே கிடைக்கும். தேநீர்க்கடை வாசலில் நிறுத்தினால் எவரும் விலை விசாரிப்பதில்லை என்பதே அதன் பெருங்குறை.