கண் திறக்காத கண்ணன்

எங்கள் வீட்டு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், பழைய வேட்டி போர்த்திய பலகை ஒன்று சாய்ந்து நிற்கிறது. வேட்டிக்குள்ளே நவநீதகிருஷ்ணன். தலையில் கிரீடம், கழுத்தில் காசுமாலை, புஜத்தில் வங்கி, இடுப்பில் ஒட்டியாணம், பக்கத்தில் வெண்ணெய்ப் பானை, எல்லாம் இருக்கிறது. முகம்தான் இல்லை.

பணி ஓய்வு பெற்ற கையோடு தஞ்சாவூர் ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். "முடியிற வரைக்கும் யாருக்கும் காட்டாதீங்க சார்" என்று முதல் நாளே சொன்னார் ஆசிரியை. ஏதோ திருஷ்டிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். தொழில் தெரிந்தவர் சொன்ன சொல் என்பது இப்போது புரிகிறது. இந்த ஓவியத்தில் கல், மக்கு, தங்கம், வண்ணம் எல்லாம் முடிந்த பிறகுதான் முகம். அதிலும் கண் கடைசிக்கும் கடைசி. நடுவில் வந்து பார்க்கிறவர்களுக்குக் கண்ணன் நகைக்கடை வாசல் பொம்மையாகத்தான் தெரிவான்.

நான் கேட்டால்தானே? ஹாலில், ஜன்னலோரம், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி கடையை விரித்தேன்.

அந்தக் காலத்தில் பலாப்பலகை, இப்போது ப்ளைவுட். அதன்மேல் துணி ஒட்டி, சாக் பவுடரையும் கோந்தையும் குழைத்துப் பூசி, காயவைத்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்க்க வேண்டும். மச்சினன் வந்தான். "என்ன மாமா, வீட்டுக்குப் பட்டி பாக்கறீங்களா? ஆள் வெச்சா ஒரே நாள்ல முடிச்சிருவான்." தேய்த்த தூள் பறந்து போய் மொட்டை மாடிக்குப் போகக் காத்திருந்த வடாம் மாவில் இறங்கியதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது, நகையும் தூணும் புடைப்பாகத் தெரிவதற்காக அந்தக் குழம்பையே கெட்டியாக்கிக் கோன் போட்டுப் பிழிவது. "இதுக்குப் பேரு மக்கு வேலை" என்று பெருமையாகச் சொன்னேன். "பார்த்தாலே தெரியுது" என்றாள் மனைவி.

கல் பதித்த அன்று பெரியம்மா வந்தாள். எண்பத்து நாலு வயது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு பலகையில் இடிக்கிற மாதிரி குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "ஏண்டா, வலது வங்கியில ஏழு சிவப்பு, இடதுல ஆறுதானே இருக்கு? ஆசாரி ஏமாத்திட்டானா?" ஆசாரி நான்தான். நகை விஷயத்தில் பெரியம்மாவை எதிர்த்து எங்கள் குடும்பத்தில் யாரும் பிழைத்ததில்லை. ஏழாவது கல்லை ஊசியால் நெம்பினேன். கல்லோடு மக்கு வந்தது, மக்கோடு துணியும் வந்தது. கண்ணனுக்கு ஒரு மாதம் தோளில் கட்டு.

பிறகு தங்க ரேக்கு. 22 காரட். அளவுக்கு வெட்டிய துண்டு மூச்சு விட்டாலே நகரும் என்பதால் சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு மொத்தக் குடும்பமும் உருகிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் உள்ளே வந்தார். "என்ன சார், கரண்ட் இருக்கே!" என்று சுவிட்சைத் தட்டினார். காசுமாலையில் கால் பங்கு பறந்தது. சோபாவுக்கு அடியில் தவழ்ந்து தேடினோம். சாயங்காலம் அது பேரனின் முழங்காலில் ஒட்டிக்கொண்டு மின்னியது.

"இது சாதாரணப் படம் இல்லை, மராட்டிய ராஜாக்கள் வளர்த்த கலை. புவிசார் குறியீடே இருக்கு" என்று மச்சினனிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் இருக்கு மாமா. அதை வாங்கியிருந்தா எப்பவோ முடிச்சிருப்போம்" என்றான்.

உடம்பு வண்ணத்துக்கு வந்தபோது வீடு இரண்டானது. பழைய தஞ்சாவூர்ப் படங்கள் பலவற்றில் குழந்தைக் கண்ணன் வெளுப்பாகத்தான் இருப்பான் என்கிறேன் நான். "நீலமா இல்லேன்னா அவன் கிருஷ்ணனே இல்ல" என்கிறாள் பெரியம்மா. வழக்கு நிலுவையில் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால், தாமதத்துக்கு இந்த வழக்கு காரணமில்லை. வந்தவர்கள் எல்லாரும் போகும்போது, "அடேயப்பா, பாதியிலேயே இப்படி இருக்கே, முடிஞ்சா எப்படி இருக்கும்!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். படம் முடிந்தால் கிடைக்க வேண்டிய பாராட்டு முழுவதும் முன்பணமாகக் கைக்கு வந்துவிட்டது. முப்பது வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் நான். முன்பணம் வாங்கியவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி அந்த வேட்டி மேலேயே ஒரு முழம் மல்லிகை சாத்துகிறாள். கோகுலாஷ்டமிக்குள் கண் திறந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். எந்த வருடத்துக் கோகுலாஷ்டமி என்று சொல்லவில்லை.

இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வாருங்கள். நல்ல காபி உண்டு, மின்விசிறியும் ஓடும். வேட்டியை மட்டும் தூக்கிப் பார்க்காதீர்கள்.