கால் சுற்றுக்குக் கறார்க் கணக்கு

கேள்வி: ஃபிகர் ஸ்கேட்டிங்கில் காற்றில் போடும் சுற்றுகளை நியாயமாக அளக்கிறார்களா?

பதில்: விதி கறார்; அளப்பதுதான் மனிதக் கண். கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் அடிப்படை மதிப்பில் 80 சதவீதமே கிடைக்கும். அரைச் சுற்று குறைந்தால் நான்கு சுற்றுத் தாவல் மூன்றாகிவிடும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பான் வீரர் யுசுரு ஹன்யு நான்கரைச் சுற்று ஆக்ஸல் தாவலை முயன்று விழுந்தார். சுற்றும் குறைந்ததால் அடிப்படை மதிப்பு 12.50 என்பது 10.00 ஆனது, விழுந்ததில் அதிலும் பாதி போனது. அங்கே பெரிய சிக்கலில்லை. தகராறெல்லாம் விளிம்பில் நிற்கும் தாவல்களில்தான். மூவர் கொண்ட தொழில்நுட்பக் குழு ரீப்ளே பார்த்து, பெரும்பான்மைப்படி தீர்ப்பளிக்கிறது. கேமரா இந்தப் பக்கம், தாவல் எதிர்மூலையில் என்றால் பிளேடின் கோணம் சரியாகப் பிடிபடாது. சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்கிறது நெறிமுறை. பெரிய பெயர்கள் தாவும்போது மட்டும் சந்தேகம் தாராளமாக வருகிறது என்பது ரசிகர்களின் புகார்.