ஆறு பேருக்கு ஒரு டேபிள்

எங்கள் வீட்டு நிதியமைச்சர் நான்தான். அந்த இலாகாவை வேறு யாரும் கேட்காததால் என்னிடமே தங்கிவிட்டது. பால், பெட்ரோல், பெண்ணின் பியானோ வகுப்பு என்று ஒன்று விடாமல் எக்செல்லில் எழுதி வைக்கிறவன். எழுதி வைத்தும் மாதாமாதம் துண்டு விழவைக்கிறவன்.

ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் ஹூஸ்டனுக்கு வந்திருந்த சமயம், ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் இருக்கிற டிஸ்னி வேர்ல்டைக் காட்டிவிடுவது என்று முடிவானது. நாலு பெரியவர்கள், ரெண்டு பிள்ளைகள். டிக்கெட் விலையைக் கேட்ட மாமா மனசுக்குள் எண்பத்தைந்தால் பெருக்கினார். அப்புறம் கொஞ்ச நேரம் யாரோடும் பேசவில்லை.

டிக்கெட்டில் பேரம் பேச முடியாது. சாப்பாட்டில் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இப்படிக் கணக்குப் போட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். வெட்கப்படாமல் கையைத் தூக்குங்கள். நான் முதலிலேயே தூக்கிவிட்டேன். பில் கேட்கிறேன் என்று நினைத்து யாராவது வந்துவிடாமல் இருக்க வேண்டும்.

அங்கே உணவகங்கள் ரெண்டு ரகம். கவுன்ட்டரில் வாங்கிக்கொண்டு, தட்டும் கையுமாக இடம் தேடி அலைவது ஒன்று. உட்காரவைத்து, தண்ணீர் ஊற்றி, நலம் விசாரித்து, கடைசியில் அட்டைக்குள் பில்லைச் சொருகி நீட்டுவது இன்னொன்று. தினம் ஒருவேளை இந்த ரெண்டாவது ரகம், மற்ற வேளைக்கு அத்தையின் புளியோதரை. இதுதான் என் திட்டம். எக்செல்லில் பார்க்க அம்சமாக இருந்தது.

முன்பணம் கட்டினால் தினமும் குறிப்பிட்ட வேளைச் சாப்பாடு அதில் அடங்கிவிடுகிற டைனிங் பிளான் என்று ஒன்றும் உண்டு. 2020-இல் நிறுத்தி, 2024 ஜனவரியில் மறுபடி கொண்டுவந்தார்கள். அது நமக்கு லாபமா நஷ்டமா என்று ராத்திரி ராத்திரியாக ஆராய்ந்து, கால்குலேட்டர் சூடேறிய பிறகு கண்ணில் பட்டது ஒரு வரி. டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு மட்டும்தானாம். நாங்கள் தங்கப்போவது நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில். அதைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான், சிக்கனத்துக்காக.

உட்கார்ந்து சாப்பிட ரிசர்வேஷன் வேண்டும். அது 60 நாள் முன்னதாகத் திறக்கிறது. ஒரு காலத்தில் 180 நாள். ஆறு மாசம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி தனக்கு என்ன சாப்பிடத் தோன்றும் என்பதை முன்கூட்டியே அறிந்த ஞானிகள் இந்த உலகத்தில் இருந்திருக்கிறார்கள். எனக்கு மெனு கார்டைக் கையில் கொடுத்த பிறகும் தெரியாது.

காலை ஆறு மணிக்குத் திறக்கும் என்று படித்து, ஆறு மணிக்கு அலாரம் வைத்து, காபியோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். அந்த ஆறு ஃப்ளோரிடாவின் ஆறு. ஹூஸ்டனில் அப்போது ஐந்து. நான் காபியை ஆற்றுவதற்குள், சின்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கிற உணவகம் ஒரு மணி நேரம் முன்னாலேயே நிரம்பியிருந்தது. நான் பிழைப்பு நடத்துவதே நாலு டைம் ஸோனில் இருக்கிறவர்களுக்கு மீட்டிங் வைத்துத்தான்.

மிச்சம் கிடந்தது சாயங்காலம் நாலே கால், இல்லாவிட்டால் ராத்திரி எட்டு ஐம்பது. நாலே காலுக்குச் சாப்பிட்டால் மதியத்தையும் ராத்திரியையும் ஒன்றாக முடித்து ஒருவேளையை மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றியது. மிச்சம் பிடித்த அந்த வேளை, எட்டு மணி வாக்கில் பாப்கார்ன் ரூபத்தில் திரும்பி வந்தது.

இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் கண்ட இடத்திலெல்லாம் பதிந்து வைத்திருந்தேன். வேண்டாமென்றால் ரெண்டு மணி நேரம் முன்பாவது ரத்து செய்ய வேண்டும். இல்லையென்றால் தலைக்குப் பத்து டாலர். இது எனக்குத் தெரியும். எக்செல்லில் மஞ்சள் அடித்தே வைத்திருந்தேன். எக்செல் ஹூஸ்டனில் இருந்தது. ஆறு தலைக்கு அறுபது டாலர். அந்தப் பயணத்தில் நாங்கள் சாப்பிட்டதிலேயே கொழுப்பு கம்மியான விருந்து அதுதான்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே எடுத்துப்போக அங்கே அனுமதி உண்டு, இது பலருக்குத் தெரியாது. கண்ணாடிப் பாட்டில் கூடாது, உதிரி ஐஸ்கட்டி கூடாது, மது கூடாது. இந்த மூன்றில் மதுவைத் தவிர மற்ற ரெண்டும் எங்கள் கூலர் பெட்டியில் இருந்தன.

ஐஸைக் கொட்டியாயிற்று. கண்ணாடி என்பது அத்தை ஊரிலிருந்து சுமந்து வந்த மாங்காய் ஊறுகாய், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். பையைச் சோதித்தவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தூக்கிப்போட வேண்டாம், காரில் வைத்துவிட்டு வாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். ஜூலை வெயிலில் அந்தப் பெரிய பார்க்கிங் மைதானத்தைக் குறுக்கே கடந்தேன். காருக்குள் ஊறுகாய் நன்றாக ஊறியது. வெளியே நானும்.

மத்தியானம் புளியோதரையைப் பிரித்தபோது உட்கார இடமில்லை. ஊர்வலம் பார்க்க ஜனம் நிழலையெல்லாம் பிடித்துவிட்டது. நடைபாதை ஓரத்தில் வரிசையாகக் குந்தி ஃபாயிலைப் பிரித்தோம். பக்கத்தில் ஒரு குழந்தை மிக்கி காது வைத்த ஐஸ்கிரீமை முதலில் வலது காது, பிறகு இடது காது என்று நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது. என் பையன் ஒரு வார்த்தை கேட்கவில்லை; சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். ஆறு ஐஸ்கிரீம் வாங்கினேன். மாமா விலையைப் பெருக்கிக்கொண்டே முதலில் தின்று முடித்தார்.

மூன்று மணிக்கு ஃப்ளோரிடாவின் வழக்கப்படி இடி மழை கொட்டியது. நனைந்துகொண்டு நின்றபோதுதான் உறைத்தது. அந்த உணவகங்களில் நிஜமாக விற்பது நாற்காலி. கூடவே ஏ.சி., பக்கத்திலேயே கழிவறை, ஒரு மணி நேரம் யாரும் எழுப்பிவிடாத உரிமை. இதற்கெல்லாம் வாடகை கொடுத்தால் ரசீது மாதிரி ஒரு தட்டில் எதையாவது வைத்துக் கொடுக்கிறார்கள். இந்தத் தத்துவத்தை அத்தையிடம் சொன்னேன்.

“இதை அறுவது நாளைக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கலாமே மாப்ள” என்றார்.

டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்காவில் பதினொரு நாடுகளுக்கு அரங்கம் கட்டியிருக்கிறார்கள். அதில் இந்தியா இல்லை என்பதால் நாங்கள் ஜெர்மனிக்குப் போனோம். பீர்கார்ட்டன் என்று பெயர், பஃபே, முன்பின் தெரியாதவர்களோடு நீள மேஜையில் சேர்த்து உட்காரவைப்பார்கள். பஃபே கணக்கில் மூன்று வயசுக்குக் கீழே இலவசம். ஒன்பது வரை குழந்தை விலை. பத்து ஆகிவிட்டால் பெரிய மனிதர். என் பெண்ணுக்குப் பத்து பிறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது.

“ஒம்போதுன்னு சொல்லுங்க மாப்ள, பஸ்ல நாங்க சொல்லாததா?” என்று காதைக் கடித்தார் மாமா.

எனக்குக் கொள்கை உண்டு. அதனால் சொல்லவில்லை; ஒன்பது மாதிரியும் பத்து மாதிரியும் கேட்கும்படி முணுமுணுத்தேன். பரிமாறுகிற அம்மா குனிந்து பெண்ணிடமே கேட்டுவிட்டார். “டென்! டபுள் டிஜிட்ஸ்!” என்று கத்தினாள் என் ரத்தம். மேஜையில் இருந்த அந்நியர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்ய?

அங்கே அத்தையின் முதல் சந்தேகம் முட்டைக்கோஸ் பற்றி. “இது புளிச்சுப்போச்சு. பாவம், அவங்களுக்குத் தெரியல போலருக்கு. போய்ச் சொல்லிடுங்க.”

ஜெர்மன்காரர்கள் காலங்காலமாக வேண்டுமென்றே புளிக்கவைத்துத் தின்கிற பண்டம் அது என்று விளக்கினேன். “நாமளும்தான் மாவைப் புளிக்க வைக்கிறோம். அப்புறம் சுட்டுத்தானே திங்கிறோம்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. ரொட்டியும் உருளைக்கிழங்குமாக அவர் முடித்துக்கொள்ள, பெரியவர் விலை முழுசாகப் போகிறதே என்று எனக்குப் பதறியது. அவர் பங்கையும், பத்து வயசுப் பெரிய மனுஷியின் பங்கையும் என் ஒரே வயிற்றில் வசூலிக்க இறங்கினேன். சாசேஜ் ஒரு நடை, கோழி ஒரு நடை, என்னவென்று தெரியாத ஒன்று ரெண்டு நடை. பிறகு எல்லாரும் ராக்கெட்டில் பறக்கிற ரைடுக்குக் கிளம்பினார்கள். நான் பெஞ்சில் பைகளுக்குக் காவல். அந்த ரைடுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்கியிருந்தேன்.

இன்னொரு நாள் அங்கேயே ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவில் ‘ஃபிஃப்டீஸ் பிரைம் டைம் கஃபே’. 1950-களின் அமெரிக்க வீட்டுச் சமையலறைபோல ஜோடித்து, கறுப்பு வெள்ளை டி.வி. ஓடவிட்டிருக்கிறார்கள். பரிமாறுகிறவர்கள் வீட்டு மனுஷர்கள்போல நடிப்பார்கள், உரிமையோடு திட்டுவார்கள். அதுதான் அங்கே விசேஷம். தட்டுகள் பெரிசு என்று கேள்விப்பட்டிருந்ததால் ஆறு பேருக்கு நாலு தட்டு சொன்னேன். மிச்சம் பிடித்த பெருமிதத்தில் முழங்கையை மேஜைமேல் ஊன்றினேன்.

“கையை எடு” என்றது ஒரு குரல்.

எடுத்தேன். பாட்டி வயசுப் பெண்மணி, இடுப்பில் ஏப்ரன், கண்ணில் கண்டிப்பு. பையனுக்குக் கண்ணைச் சிமிட்டினார். பச்சை இலைக் குறி போட்ட சைவத் தட்டை அத்தை சுத்தமாகக் காலி பண்ணியிருப்பதைப் பார்த்து முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு என் தட்டோரத்தில் ஒதுங்கிக் கிடந்த பீன்ஸைப் பார்த்தார்.

நாங்கள் பகிர்ந்து சாப்பிடுகிறோம், அது மற்றவர்களின் பங்கு என்று ஆங்கிலத்தில் வாதாடினேன். “ஓகோ, தம்பி தங்கை தலையில் கட்டப் பார்க்கிறாயா?” என்றார் அவர். அத்தைக்கு ஆங்கிலம் வராது. ஆனால் இந்த விவகாரம் புரிய ஆங்கிலம் எதற்கு?

“நல்லாக் கேளும்மா. வீட்லயும் இதே கதைதான். காயை ஒதுக்கி வச்சுட்டு எந்திரிச்சிடுவாரு.”

என் மனைவி இதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். ரெண்டு பெண்மணிகளும் மேஜைக்குக் குறுக்கே கைகோத்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பாட்டி முள்கரண்டியில் பீன்ஸைக் குத்தி என் வாய்க்கு நேரே நீட்டினார். சுற்றியுள்ள மேஜைகள் அமைதியாயின. நாற்பத்தாறு வயசில், மாமனார் எதிரில், வாயைத் திறந்தேன். என் பெண் எடுத்த வீடியோ இப்போது மதுரையைத் தாண்டித் தென்காசி வரைக்கும் போயிருக்கிறது. ரெண்டு தட்டில் மிச்சம் பிடித்த காசு, பிள்ளைகள் கேட்ட மில்க் ஷேக்கோடு சரி.

டிஸ்னியின் ஹோட்டலான அனிமல் கிங்டம் லாட்ஜில் ‘சனா’ என்ற உணவகம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கி நடக்கும். ஆப்பிரிக்க, இந்தியச் சுவை கலந்த சமையல். அங்கே பேர் வாங்கியது ‘பிரெட் சர்வீஸ்’: நான் வகையறா ரொட்டிகள், தொட்டுக்கொள்ள ஒன்பது கிண்ணம். ஆளுக்கு ஒரு தட்டு வேண்டாம், இதைச் சொன்னால் எல்லாரும் பிய்த்துத் தின்னலாம் என்பது என் ராஜதந்திரம். பதார்த்தம் வந்து இறங்கியது. புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி, பூண்டு ஊறுகாய்.

மாமா ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கவில்லை. கிண்ணங்களையே பார்த்தார்.

“மாப்ள, ஊறுகாய்க்கா காசு குடுக்கிறோம்? நம்ம பாட்டில் கார்லதானே இருக்கு?”

அத்தை மட்டும் விரல் நுனியில் பூண்டு ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடி யோசித்து, “உப்பு பத்தல” என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு அந்தக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். நான் இன்னொரு ரொட்டித் தட்டு சொல்ல வேண்டியதாயிற்று.

கடைசி ராத்திரி சாப்பாடு வேறொரு இடத்தில். நம்மவர்கள் டிப்ஸில் கையை இறுக்குவார்கள் என்று இந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தக் கெட்ட பேர் என்னால் வரக்கூடாது என்று எப்போதும் ஒரு பதற்றம். பில்லின் கடைசி எண்ணைப் பார்த்து, அதில் இருபது சதவீதம் மனக்கணக்காகப் போட்டு, டிப்ஸ் என்ற கோட்டில் கம்பீரமாக எழுதிக் கையெழுத்திட்டேன். பரிமாறிய பையன் வாசல்வரை கூடவே வந்தான். என் கையைப் பிடித்து ரெண்டு தடவை குலுக்கினான். பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர் கொடுத்தான். இந்தக் காலத்திலும் இப்படி மரியாதை தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று காரில் எல்லாருக்கும் பிரசங்கம் செய்துகொண்டே ஓட்டினேன்.

விடுதி அறையில் மனைவி ரசீதை விரித்துப் படித்தாள்.

“என்னங்க, ஆறு பேர் போனா பதினெட்டு பர்சன்ட் டிப்ஸை அவங்களே பில்லுல சேத்துடுறாங்க. இங்க போட்டிருக்கு பாருங்க. நீங்க அதுக்கு மேல இருபது எழுதியிருக்கீங்க. அதுவும் அந்த டிப்ஸையும் சேத்த மொத்தத்துக்கு.”

“டிப்ஸுக்கே டிப்ஸா?” என்றார் மாமா, போர்வைக்குள்ளிருந்து.

“தெரியும். வேணும்னுதான் குடுத்தேன்” என்றேன்.

அந்த அறையில் அதை நம்பியது என் பையன் ஒருத்தன்தான். அவனுக்கு ஆறு வயசு.