தொப்புளைச் சுற்றிய ஊசி எங்கே?

கேள்வி: நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசி என்ன ஆயிற்று?
– ஒரு வாசகர், கேத்தி

பதில்: 2004-ஆம் ஆண்டின் முடிவோடு இந்தியாவை விட்டே போய்விட்டது. போனது நல்லதுதான். அந்த மருந்து வெறிநாய்க்கடிக் கிருமி ஏற்றிய ஆட்டு மூளையிலிருந்து தயாரானது. மூளைத் திசுவில் நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலினும் அதில் கலந்திருந்தது. அதை அந்நியப் பொருளாக எண்ணிய நோய் எதிர்ப்புச் செல்கள், சிலரது உடலில் சொந்த நரம்புகளையே தாக்கின. ஊசியின் வலியைவிடக் கொடுமை அதனால் வந்த பக்கவாதம்தான்.

கேத்தியில் மலை ரயில் ஏறினால் சேரும் குன்னூரில், சிம்ஸ் பூங்காவை அடுத்து நிற்கிறது பாஸ்டர் நிறுவனம். 1907-இல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்றே தொடங்கப்பட்டது. பின்னாளில் அங்கேயே வீரோ செல் தடுப்பூசி தயாரானது. 1962-இல் ஜப்பானில், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பிரித்த செல்களின் வழித்தோன்றல்களே வீரோ செல்கள். அவற்றில் மூளைத் திசு இல்லை. ஆகவே மயலின் தொல்லையும் இல்லை.

இப்போது 0, 3, 7, 28-ஆம் நாட்களில் தோலுக்குள் சிறிதளவு மருந்து போதும். தோலிலுள்ள டென்ட்ரிட்டிக் செல்கள் அதை விழுங்கி, நிணநீர்க் கணுவிலுள்ள டி செல்களிடம் காட்டுகின்றன. அவற்றின் உதவியோடு பி செல்கள் எதிர்ப்புரதம் சுரக்கின்றன. அதற்கு ஏழு நாட்களுக்கு மேலாகும். கிருமியோ நரம்பு வழியே மூளைக்குப் புறப்பட்டுவிடும். ஆழமான கடி என்றால் காயத்திலேயே ஆயத்த எதிர்ப்புரதமான இம்யூனோகுளோபுலின் போடுவது அதனால்தான். அதற்கும் முன்னால், கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவியாக வேண்டும்.