மாவட்டம் இளைத்த கதை

உடற்பயிற்சி எதுவும் செய்யாமலே இளைத்த பெருமை பெரம்பலூர் மாவட்டத்துக்கு உண்டு. 2001-இல் அரியலூரைக் கழற்றிவிட்டு ஒல்லியானது. 2002-இல் பழையபடி பெருத்தது. 2007 நவம்பரில் மறுபடி இளைத்தது. டயட் இருப்பவர்களின் வரலாறும் ஏறக்குறைய இதேதான்.

நமக்கோ அரசாணை போட்டு இடுப்பைப் பிரிக்க வழியில்லை. அதனால்தான் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்தார்கள். 70 கிலோ ஆசாமி முழுத் தூரமும் நடந்தால் சுமார் 400 கலோரி செலவாகும். முடித்த கையோடு டீக்கடை பெஞ்சில் எண்ணெய் வடியும் உளுந்து வடை இரண்டு, கெட்டிச் சட்னி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. வரவும் செலவும் நேராகிவிடும். ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க 7,700 கலோரி வேண்டும் என்பதை வடை மாஸ்டர் யாரிடமும் சொல்வதில்லை.

நடையைக் குறை சொல்லவில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதற்குக் கொஞ்சம் அடங்கும். இளைத்த உடம்பு மறுபடி பெருக்காமல் காப்பதற்கும் அது வேண்டும். ஆனால் இளைப்பது பெரும்பாலும் இலையில்தான் நடக்கிறது. இரண்டாம் முறை சோறு வரும்போது கையைக் குறுக்கே நீட்டுவதே நம்மூரில் ஆகக் கடினமான உடற்பயிற்சி. அதற்கு எந்தக் கலெக்டரும் கொடியசைக்க வருவதில்லை.