கட்டில் இருக்கிறதா?

கேள்வி: மகளுக்கு அரசு கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக. ஆனால் விளம்பரத்தில் வரும் நீச்சல் குளத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்; உங்கள் மகள் மீனுக்கு ஊசி போடப் போவதில்லை. கல்லூரிக்கென ஆஸ்பத்திரி உண்டா, அங்கே கட்டிலோடு நோயாளியும் உண்டா என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். (ஆய்வு வரும் நாளில் மட்டும் ஊரே காய்ச்சலில் படுக்கும் இடங்களும் உண்டாம்!) இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் பெயர், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு – இரண்டும் இல்லையென்றால் பேச்சே வேண்டாம். 4 வருடம் படித்துவிட்டு நர்ஸாகப் பதிவு செய்ய அல்லாட வேண்டிவரும். ஹாஸ்டல், யூனிஃபார்ம், பஸ் கட்டணத்தையெல்லாம் முன்பே எழுதி வாங்குங்கள். அதற்கும் முன்னால், ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா என்று மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.