விருப்பமிருந்தால் எழுதலாமாம்!

கேள்வி: சுபாங் ஜெயா கல்லூரி ஒன்றில் அமெரிக்கப் பட்டப்படிப்பு மாற்றுத் திட்டத்தில் லாஜிஸ்டிக்ஸ் படிக்கிறேன். மூன்றாம் ஆண்டுக்கு அமெரிக்கா போக விண்ணப்பிக்கிறேன். படிவத்தில் 'சுயகட்டுரை, விருப்பமிருந்தால்' என்று இருக்கிறது. விட்டுவிடலாமா, ஐயா?
— ஒரு மாணவி, பண்டமாரான்

பதில்: விடாதே, தங்கச்சி! 'முடிந்தால் வாங்க' என்று சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அழைத்தால், போகாமலா இருப்போம்? நீ புள்ளியியலில் 'பி' வாங்கியிருந்தால், அதை மதிப்பெண் பட்டியலே சொல்லிவிடும். அந்தத் தவணை முழுக்க அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்திருந்தால், அதை நீதான் சொல்லவேண்டும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகம் சுயகட்டுரையை விருப்பத்துக்கே விடுவதில்லை. மாறி வருகிறவர்கள் நான்கு கேள்விகளுக்கு எழுதவேண்டும், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். மூன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம். கட்டாயக் கேள்வி, எடுக்கப்போகும் துறைக்கு எப்படித் தயாரானாய் என்பது. எங்கே விண்ணப்பித்தாலும் அதற்குத்தான் நீ அதிக இடம் தரவேண்டும். எந்தப் பாடம் உன்னைப் பிடித்து இழுத்தது, அங்கே எந்த வகுப்புக்காகப் போகிறாய், பெயரோடு எழுது.

'சிறுவயது முதலே என் கனவு' என்று தயவுசெய்து ஆரம்பிக்காதே. கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நீ, அங்கிருந்து ஆரம்பி! இப்போதைய கல்லூரியைக் குறை சொல்லாதே. ஆசிரியர் பிழை திருத்தட்டும், வாக்கியம் உன்னுடையதாகவே இருக்கட்டும். இன்றைக்கே உட்கார், தங்கச்சி.